மருந்தும் மூச்சும்: அமியோடரோன் குளிசையின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

1

திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம் மருத்துவத்தை நான்கு உறுப்புகளாக வகுத்துக்கூறி முடிகின்றது. நோயுற்றவர், நோயைத் தீர்க்கும் வைத்தியர், மருந்து, அம்மருந்தை அருகிலிருந்து கொடுப்பவர் என்பன அந்நான்குமாகும். வைத்தியருக்கும் மருந்துக்கும் கொடுத்த அதே நிலையினை, படுக்கையருகே இருந்து நோயாளியின் மூச்சையும் இருமலையும் கேட்டுக்கொண்டிருப்பவருக்கும் வள்ளுவர் கொடுத்துள்ளமை ஊன்றி நோக்கத்தக்கது. அவர் காலத்திலே மருந்து பெருங்கைத்தொழிலின் உற்பத்திப் பொருளாக இருக்கவில்லை. இன்று அந்நான்கு உறுப்புகளுக்குமிடையே ஐந்தாவது ஒன்று வந்து சேர்ந்துள்ளது. மருந்தை ஆக்குவதும், அதன் குணதோஷங்களைப் பற்றிய அறிவைத் திரட்டுவதும், அவ்வறிவில் எவ்வளவு எவருக்குச் சொல்லப்படும் என்பதைப் பெருமளவுக்குத் தீர்மானிப்பதும் அவ்வைந்தாவது உறுப்பாகிய மருந்துக் கம்பனியே.

இம்மாற்றத்தின் விளைவுகளைத் தனியொரு மருந்தின் வரலாற்றினூடாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அமியோடரோன் என்னும் குளிசையை இதற்கென எடுத்துக்கொள்கின்றோம். இதயத்தின் துடிப்பு ஒழுங்கு குலையும்போது அதனைச் சீர்ப்படுத்தக் கொடுக்கப்படும் இம்மருந்து இலங்கை உட்பட உலகெங்கும் பாவனையில் உள்ளது. எண்ணற்றோரின் உயிரைக் காத்தது இம்மருந்து; நீண்டகாலம் உட்கொள்வோருட் சிலரின் நுரையீரலை ஓசையின்றிச் சேதப்படுத்துவதும் இதுவே.

இலக்கிய ஆய்வில் ஈடுபட்ட ஒருவர் மருந்தைப் பற்றி எழுதப் புகுவது பொருந்துமா என்னும் வினா எழுதல் இயல்பே. மருந்தியலில் எமக்குப் புலமை உண்டெனக் கூற முன்வரவில்லை. ஆயின் எந்த நூலை எடுத்துக்கொண்டாலும் அது எவரால், எவருக்காக, எச்சூழலில் ஆக்கப்பட்டது, எதனைக் கூறாது விடுகின்றது என்று கேட்பது எமது துறையின் பயிற்சியாகும். அவ்வினாக்களை மருந்துப் பெட்டியினுள் மடித்து வைக்கப்பட்டிருக்கும் தாளினிடத்தும் கேட்டல் தகும்.

2

அமியோடரோனின் வரலாறு நைல் நதிப் பள்ளத்தாக்கில் வளரும் ஒரு செடியிலிருந்து தொடங்குகின்றது. கெல்லா எனப்படும் அச்செடியின் விதையை எகிப்திய மக்கள் சிறுநீர்க்கல்லால் வரும் வலியைத் தீர்ப்பதற்கு நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தனர். அவ்விதையினின்று பிரித்தெடுக்கப்பட்ட கெல்லின் என்னும் பொருளை உட்கொண்ட ஒருவருக்கு இதயநோவும் தணிந்ததை, 1940களிற் கெய்ரோவிற் பணியாற்றிய உடற்றொழிலியலாளர் அன்ரெப் அவதானித்தார். அந்த அவதானிப்பைப் பின்பற்றி நடைபெற்ற ஆய்வுகளின் பயனாக, பெல்ஜியத்தின் லாபாஸ் கம்பனியின் ஆய்வுகூடத்தில் 1960களின் தொடக்கத்தில் அமியோடரோன் உருவாக்கப்பட்டது. உழைக்கும் மக்களின் கூட்டறிவாக இருந்த ஒன்று ஆய்வுகூடத்தைக் கடந்து தனியார் கம்பனியின் விற்பனைப் பண்டமாக வெளிவந்தமை இவ்வரலாற்றின் முதலாவது கட்டமாகும்.

இதயநோவுக்கான மருந்தாகவே அது முதலில் ஐரோப்பாவில் விற்கப்பட்டது. அதற்கு மற்றொரு குணமும் உண்டென்பதை ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் பிரமா சிங் என்பாரும் அவரது ஆசிரியர் வோன் வில்லியம்சும் 1970இல் எடுத்துக்காட்டினர். இதயத் தசையின் ஒவ்வொரு மின்கிளர்ச்சியின் கால அளவையும் அது நீட்டி, ஒழுங்கற்ற துடிப்புகள் எழுவதைத் தடுக்கின்றது என்பதே அவர்கள் கண்டது. ஆர்ஜெந்தீனாவின் ரோசன்பாமும் அவரைச் சார்ந்தோரும் நோயாளரிடத்து இக்குணத்தைக் கண்டு 1976இல் வெளியிட்டதன் பின்னர் இம்மருந்தின் புகழ் பரவியது. வேறெம்மருந்துக்கும் அடங்காத துடிப்புக் குலைவுகூட இதற்கு அடங்கிற்று.

ஐக்கிய அமெரிக்காவில் 1985ஆம் ஆண்டின் இறுதியிலேயே இதற்கு அங்கீகாரம் கிடைத்தது. அதற்கு முன்னரே அந்நாட்டு வைத்தியர்கள் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் இதனைத் தருவித்துப் பயன்படுத்தி வந்தனர். நோயாளரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை எதுவும் நடத்தப்படாமலே அங்கீகாரம் வழங்கப்பட்டமை குறிப்பிடத்தக்கது. அதனாலேயே அதன் எல்லையும் குறுக்கி வரையப்பட்டது. இதயவறைகளில் எழும் உயிராபத்தான துடிப்புக் குலைவு மீண்டும் மீண்டும் வந்து, ஏனைய மருந்துகள் பயன்தராவிடத்து மட்டும் கொடுக்கப்படவேண்டிய இறுதி மருந்து என்பதே அங்கீகாரத்தின் வாசகமாகும்.

நுரையீரற் பாதிப்புப் பற்றிய முதல் மருத்துவ அறிக்கைகள் 1980ஐ அண்டியே வெளிவந்தன. மருந்து விற்பனைக்கு வந்து ஏறத்தாழ 18 ஆண்டுகள் அதற்குள் கழிந்துவிட்டன. இக்கால இடைவெளிக்குக் கம்பனியின் வஞ்சகம் ஒன்றையே காரணமாகக் காட்டுதல் எளிய விளக்கமாகிவிடும். மருந்தின் இயல்பிலேயே இத்தாமதத்துக்கு ஏதுவான ஒன்று உண்டு. அதனை முதலில் விளங்கிக்கொள்ளுதல் வேண்டும்.

3

அமியோடரோன் கொழுப்பில் எளிதிற் கரையும் பொருளாகும். இரத்தத்திற் கலந்த பின்னர் அது அங்கே தங்கிநில்லாது கொழுப்பிழையம், ஈரல், நுரையீரல், தோல், கண்ணின் விழிவெண்படலம் ஆகியவற்றிலே சென்று படிகின்றது. பெரும்பாலான மருந்துகள் சில மணித்தியாலங்களில் அல்லது சில நாட்களில் உடலைவிட்டு நீங்கிவிடும். இம்மருந்தோ பாதியளவு நீங்குவதற்கே சராசரியாக 58 நாட்கள் செல்லும். சிலரில் 100 நாட்களுக்கு மேலும் செல்வதுண்டு. குளிசையை நிறுத்திய பின்னரும் பல மாதங்களுக்கு அது உடலினுள் இருந்து தொழிற்படும். தொடக்கத்திலே பெருமளவிற் கொடுத்து உடலை நிரப்பிப் பின்னர் சிறிய அளவினால் அந்நிரப்பத்தைப் பேணுவதே இதனைக் கொடுக்கும் முறையாதலும் இதனாலேயே.

இதன் மூலக்கூற்று நிறையில் ஏறத்தாழ 37 வீதம் அயடீன் ஆகும். 200 மில்லிகிராம் குளிசை ஒன்றினால் உடலில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 6 மில்லிகிராம் அயடீன் விடுவிக்கப்படுகின்றது. வளர்ந்த ஒருவருக்கு நாளாந்தம் வேண்டியது 0.15 மில்லிகிராமே என்பதை இதனோடு ஒப்பிட்டு நோக்குக. தைரொயிட்டுச் சுரப்பியை இம்மருந்து பாதிப்பதற்கு இதுவே முக்கிய காரணம். நுரையீரற் பாதிப்பு வேறு வகையைச் சார்ந்தது.

கலங்களினுள்ளே இலைசோசோம் எனப்படும் நுண்பைகள் உள்ளன. பழுதடைந்த பொருள்களை நொதியங்களால் உடைத்துத் துப்புரவு செய்தல் அவற்றின் தொழில். அமியோடரோன் அப்பைகளினுள் நுழைந்து தங்கி, பொசுபோலிப்பிட்டுகள் என்னும் கொழுப்புப் பொருள்களை உடைக்கும் நொதியத்தைத் தடுக்கின்றது. அதனால் உடைபடாத கொழுப்பு நாளுக்கு நாள் சேர்கின்றது. காற்றுச் சிற்றறைகளைத் துப்புரவாக வைத்திருக்கும் தின்குழியங்கள் இக்கொழுப்பினால் நிரம்பி, நுணுக்குக்காட்டியில் நுரைபோலத் தோற்றமளிக்கும். இத்தோற்றம் மருந்து நுரையீரலிற் படிந்ததற்குச் சான்றேயன்றி, அதுவே நோயாகாது. சிலரில் இந்நிலையைக் கடந்து கலங்கள் நேரடியாகச் சேதமுறுகின்றன. உடலின் எதிர்ப்பாற்றலும் தூண்டப்பட்டு அழற்சி தோன்றுகின்றது. அழற்சி நீடிக்குமாயின் சிற்றறைகளின் மெல்லிய சுவர்கள் தடித்து, வடுவிழுந்து, விறைப்படைகின்றன. ஒட்சிசன் கடந்துசெல்ல வேண்டிய சுவர் ஒட்சிசனை மறிக்கும் சுவராகிவிடுகின்றது. அழற்சி உரிய காலத்தில் அறியப்படின் தணியக்கூடும். வடுவாகிய இழையம் மீண்டும் பழைய நிலைக்கு வருவதில்லை.

இவ்விடத்தில் இயங்கியல் நோக்கின் பயன் தெளிவாகின்றது. ஆற்றல் மிக்க மருந்தாக அமியோடரோனை நிலைநிறுத்தும் இயல்பும், அதனை நஞ்சாக்கும் இயல்பும் வெவ்வேறானவை அல்ல. இழையங்களிற் படிந்து நீங்க மறுக்கும் அதே குணமே ஒரு கட்டத்தில் துடிப்பைக் காக்கின்றது, மற்றொரு கட்டத்தில் மூச்சைக் கெடுக்கின்றது. அளவு காலத்தோடு சேர்ந்து பண்பு மாற்றமாகும் நிகழ்வு இது. எனவே இம்மருந்தை நல்லதென்றோ தீயதென்றோ முத்திரை குத்துவதாற் பயனில்லை. எத்தனை மில்லிகிராம், எத்தனை மாதம், எந்த நோய்க்கு, எவருடைய கண்காணிப்பில் என்பனவே கேட்கவேண்டிய வினாக்களாகும்.

அமெரிக்காவில் மருந்துடன் வரும் எச்சரிக்கை வாசகம் இவ்வளவு பற்றிய செய்தியைத் தருகின்றது. இதயவறைத் துடிப்புக் குலைவுக்காக நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் அளவிற் கொடுக்கப்பட்ட நோயாளர் தொகுதிகள் சிலவற்றில் நூற்றுக்கு 10 முதல் 17 பேர் வரை நுரையீரற் பாதிப்புக்கு உள்ளாயினர் என்றும், அவ்வாறு பாதிப்புற்றோரில் ஏறத்தாழப் பத்திலொருவர் இறந்தனர் என்றும் அது கூறுகின்றது. இன்று நீண்டகாலப் பாவனைக்குக் கொடுக்கப்படும் 200 மில்லிகிராம் அல்லது அதற்குக் குறைந்த அளவிலே ஆபத்து இதனினும் குறைவு. எனினும் முற்றாக இல்லாமற் போவதில்லை. முதியோருக்கும் ஏற்கெனவே நுரையீரல் நோய் உள்ளோருக்கும் ஆபத்து அதிகம்.

4

நுரையீரற் பாதிப்பு பெரும்பாலும் மருந்தைத் தொடங்கிய சில மாதங்களின் பின்னர், பலரில் ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களில், வெளித்தெரிகின்றது. சளியற்ற வறட்டிருமல், படியேறும்போதும் நடக்கும்போதும் இளைப்பு, களைப்பு, உடல் மெலிவு, சிலருக்குச் சிறு காய்ச்சல் ஆகியன அதன் குறிகள். இவற்றுள் ஒன்றேனும் இந்நோய்க்கு மட்டும் உரியதன்று. மருந்தை உட்கொள்பவர் ஏற்கெனவே இதய நோயாளி என்பதே பெருஞ்சிக்கலாகும். இதயம் தளர்ந்தாலும் இளைப்பு வரும். நுரையீரலில் நீர் கோத்தாலும் இருமல் வரும். ஆகவே அமியோடரோனின் விளைவு இதயத்தின் தளர்ச்சியாகவோ, தொற்றினால் வந்த நியூமோனியாவாகவோ வாசிக்கப்பட்டுவிடும் அபாயம் எப்போதும் உண்டு. இதயத்துக்கான மருந்தின் அளவு கூட்டப்படும், கிருமிகொல்லி கொடுக்கப்படும், பாதிப்பை உண்டாக்கிய குளிசையோ நாள்தோறும் தொடரும்.

இந்நோயை உறுதிப்படுத்தும் தனிச்சோதனை ஒன்று கிடையாது. ஏனைய காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கியே இம்முடிவுக்கு வரவேண்டியுள்ளது. நெஞ்சின் கணினிக் கதிர்ப்படத்தில், படிந்த அயடீன் காரணமாக நுரையீரல் சில இடங்களில் வழமைக்கு மாறான அடர்த்தியோடு தோன்றுவதுண்டு. காற்றிலிருந்து இரத்தத்துக்கு வாயு கடந்துசெல்லும் ஆற்றலை அளக்கும் மூச்சுச் சோதனையும் உதவுகின்றது. மருந்தைத் தொடங்கும் முன்னரே இச்சோதனையையும் நெஞ்சின் எக்ஸ் கதிர்ப் படத்தையும் எடுத்து வைத்திருந்தால் மட்டுமே பின்னர் ஒப்பிட்டுப் பார்த்தல் இயலும். பாதிப்பெனத் தெரிந்தவிடத்து வைத்தியர் மருந்தை நிறுத்துவர். வேண்டுமிடத்துக் கோட்டிகோசுத்தெரொயிட்டு மருந்துகளைப் பல மாதங்களுக்குக் கொடுப்பர். உடலிலுள்ள அமியோடரோன் மெல்லவே நீங்குவதனால், இச்சிகிச்சையை அவசரப்பட்டுக் குறைத்தால் நோய் மீண்டும் தலைதூக்கும்.

இங்கே ஒன்றை வலியுறுத்திக் கூறவேண்டியுள்ளது. இக்கட்டுரையைப் படித்தவர் எவரும் தாமாகவே குளிசையை நிறுத்திவிடக் கூடாது. எதற்காக அது கொடுக்கப்பட்டதோ அத்துடிப்புக் குலைவு உயிராபத்தானதாக இருக்கலாம். இருமலையும் இளைப்பையும் தாமதமின்றி வைத்தியரிடம் கூறுவதும், தாம் உட்கொள்வது அமியோடரோன் என்பதைப் பெயரோடு எடுத்துச்சொல்வதுமே செய்யவேண்டியவை.

5

இறுதி மருந்தென எல்லை வகுக்கப்பட்ட ஒன்று எவ்வாறு பெருவழக்கிற்கு வந்தது? 1980களிலே துடிப்புக் குலைவுக்கு வேறு மருந்துகள் பெருமளவிற் பயன்படுத்தப்பட்டன. மாரடைப்பின் பின் எழும் மிகைத்துடிப்புகளை அடக்கினால் மரணம் குறையும் என்பது அன்றைய நம்பிக்கை. அமெரிக்க அரசின் பொதுப்பணத்தில் நடத்தப்பட்ட பெரும் சோதனையொன்று அந்நம்பிக்கையை 1989இல் தகர்த்தது. என்கெயினைட்டு, பிளெக்கெயினைட்டு ஆகியவற்றை உட்கொண்டோரிலேயே கூடுதலானோர் இறந்தனர் என்பது வெளிப்பட்டது. இதன் பின்னர் வைத்தியரின் நாட்டம் அமியோடரோனை நோக்கித் திரும்பியமை இயல்பே.

அதன் பின்னர் அமியோடரோனும் சோதனைக்குட்பட்டது. 2005இல் வெளியான ஆய்வொன்று இதயத் தளர்ச்சியுற்ற 2521 பேரை எடுத்து நோக்கியது. உடலினுட் பொருத்தப்படும் மின்னதிர்ச்சிக் கருவி மரணத்தை 23 வீதத்தினாற் குறைத்தது. அமியோடரோன் வெற்றுக்குளிசையிலும் பார்க்க மேலானதாக இருக்கவில்லை. இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்கும் சோணை நடுக்கத்துக்கே இன்று இம்மருந்து மிகுதியாகக் கொடுக்கப்படுகின்றது. அந்நோய்க்கு ஐக்கிய அமெரிக்காவில் அது அங்கீகரிக்கப்பட்டதே இல்லை. ஒழுங்கான துடிப்பை நிலைநிறுத்துவதில் ஏனைய மருந்துகளிலும் இது வல்லது என்பது மெய்யே. ஆயின் 2002இல் வெளியான 4060 பேர் கொண்ட ஆய்வு, மருந்துகளாற் துடிப்பின் ஒழுங்கை மீட்க முயல்வது, அதன் வேகத்தை மட்டும் கட்டுப்படுத்துவதைக் காட்டிலும் ஆயுளைக் கூட்டவில்லை எனக் காட்டியது. வேறு வழியற்றோருக்கு அமியோடரோன் இன்றியமையாதது. வேறு வழியுள்ள ஒருவருக்கு ஆண்டுக்கணக்கில் அதனைக் கொடுப்பதற்குத் தக்க நியாயம் வேண்டும் என்பதே இவற்றால் பெறப்படும் முடிபு.

இவ்விரு ஆய்வுகளும் மருந்து ஆக்கப்பட்டு நாற்பதாண்டு கழிந்த பின்னரே வெளிவந்தன என்பதை மனங்கொள்ளல் வேண்டும். பண்டத்துக்குப் பயன்பாட்டுப் பெறுமதி, பரிவர்த்தனைப் பெறுமதி என இரண்டு உண்டு. மருந்தின் பயன்பாட்டுப் பெறுமதி நோயாளியின் உடலிலே, ஆண்டுகள் சென்ற பின்னரே முழுமையாக வெளிப்படுகின்றது. அதன் பரிவர்த்தனைப் பெறுமதியோ விற்ற கணத்திலேயே கைக்கு வந்துவிடுகின்றது. விற்றவருக்கு ஆதாயம் உடனே கிடைக்க, தீங்கு பற்றிய அறிவு பல்லாண்டு பிந்தி வருகின்ற அமைப்பிலே அவ்வறிவைத் தேடும் ஊக்கம் சந்தையிலிருந்து பிறப்பது அரிது. 1989இன் பெருஞ்சோதனை பொதுப்பணத்தில் நடந்தமையை இந்நோக்கிலேயே விளங்கிக்கொள்ள வேண்டும்.

அறியப்பட்ட அறிவும் அதற்குரியோரை எளிதிற் சென்றடைவதில்லை. அமெரிக்காவில் நோயாளிக்கென எளிய மொழியில் எழுதப்பட்ட வழிகாட்டித்தாள் ஒன்று இம்மருந்தோடு கட்டாயமாக்கப்பட்டது, அங்கீகாரம் கிடைத்து ஏறத்தாழ இருபதாண்டு கடந்த பின்னரே. பிரித்தானியாவின் மருந்து ஒழுங்குமுறை நிறுவனம், இம்மருந்தை உட்கொள்வோர் முறையாகக் கண்காணிக்கப்படவேண்டுமென்று 2022இலும் வைத்தியர்களுக்கு நினைவூட்ட நேர்ந்தது. எமது நாட்டு ஆஸ்பத்திரிகளில் குளிசைகள் எண்ணப்பட்டுச் சிறு கடதாசி உறையில் இட்டுக் கொடுக்கப்படுவது வழமை. நேரமும் எண்ணிக்கையும் அவ்வுறையில் எழுதப்படும். பெட்டியினுள்ளிருந்த தாள் நோயாளியின் கைக்கு வருவதில்லை. வந்தாலும் அது பெரும்பாலும் ஆங்கிலத்தில், நுண்ணெழுத்தில், பாதிப்புகள் "அவதானிக்கப்பட்டுள்ளன" என்னும் வினைமுதல் மறைந்த வாக்கியங்களிலேயே அமைந்திருக்கும். எவரிடம் அவதானிக்கப்பட்டது, இனி அதனை அவதானிக்கவேண்டியவர் யார் என்பதை அவ்வாக்கியம் கூறாது. சட்டத்தின் முன் எச்சரித்தாயிற்று என்பதற்குச் சான்றாக அத்தாள் பயன்படலாம். இருமும் மனிதருக்கு அது எதனையும் அறிவிப்பதில்லை.

இதன் வர்க்கச் சார்பும் வெளிப்படையானது. வசதி படைத்தவர் ஆறு மாதத்துக்கொருமுறை கதிர்ப்படமும் மூச்சுச் சோதனையும் செய்துகொள்வர். கிளினிக்குக்குச் செல்லும் ஒவ்வொரு நாளும் அன்றைய கூலியை இழக்கும் தொழிலாளிக்குக் குளிசை இலவசமாகக் கிடைத்தாலும், அதற்குத் துணையான கண்காணிப்பு அவ்வாறு கிடைப்பதில்லை. குளிசை ஒன்றேயாயினும் இருவருக்கும் அது ஒரே மருந்தன்று.

6

இப்பிரச்சினையின் வேர் இந்நாட்டிற்குப் புதியதன்று. மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து எழுதிய அறிக்கையும், அதன் வழி அவர் தலைமையில் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனமும் பெரும்பாலும் விலைக் குறைப்புக்காகவே இன்று நினைவுகூரப்படுகின்றன. ஆயின் மருந்தை வர்த்தகப் பெயரால் அன்றி அதன் பொதுப்பெயரால் எழுதுதல், தேவையானவற்றை மட்டும் தெரிந்தெடுத்தல், மருந்து பற்றிய தகவலைக் கம்பனிப் பிரதிநிதியிடமிருந்து பெறாது சுயாதீனமாகப் பெறுதல் ஆகிய மூன்றும் அக்கொள்கையின் உயிர்நாடிகளாகும். அறிவின் உடைமை யாருடையது என்பதே அவர் எழுப்பிய வினா. 1977இல் அவர் மறைந்தார். அதே ஆண்டின் ஆட்சி மாற்றத்தோடு வந்த திறந்த பொருளாதாரம் அக்கொள்கையைத் தளர்த்தியது. தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் நிறைவேறுவதற்கு 2015 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பொதுப்பெயரின் முக்கியத்துவத்தை எமது உதாரணத்தோடு பொருத்தி நோக்கலாம். வெவ்வேறு வர்த்தகப் பெயர்களால் விற்கப்படும் குளிசை யாவும் அமியோடரோனே என்பதை நோயாளி அறிந்திருந்தால், இருமலோடு புதிய வைத்தியர் ஒருவரிடம் செல்லும்போது அவர் சொல்லும் அந்த ஒரு சொல் சிகிச்சையின் திசையையே மாற்றிவிடக்கூடும். நீண்டகாலம் கொடுக்கப்படும் இத்தகைய மருந்துகளுக்கேனும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கத் தாள் வேண்டும். மருந்தின் பெயர், கொடுக்கப்பட்ட காரணம், எந்தக் குறி தோன்றினால் உடனே வரவேண்டும், அடுத்த சோதனை எப்போது என்னும் நான்கு செய்திகள் அதில் இருந்தாற் போதும். பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று இது. பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் மருத்துவ பீடங்களும் சேர்ந்து செய்யத்தக்க பணி. மக்கள் மொழியை ஆராய்வோருக்கு இதனினும் தகுந்த வேலை வேறு யாது?

வள்ளுவர் கூறிய நான்காவது உறுப்பை இறுதியாக மீண்டும் நினைவுகொள்வோம். கதிர்ப்படம் எதுவும் காட்டுவதற்கு முன்னர், இரவில் எழும் வறட்டிருமலை முதலிற் கேட்பவர் அருகில் இருக்கும் மனைவியோ மகளோ மகனோ ஆவர். கிணற்றடிக்கு நடந்துபோய் வருவதற்குள் இருமுறை நின்று மூச்சுவாங்கியதைக் கண்டவர் அவரே. அவ்விருமலுக்கும் நாள்தோறும் தாம் கையிற் கொடுக்கும் குளிசைக்கும் தொடர்பிருக்கலாம் என்பதை அவர் அறிந்திருப்பின், மீளக்கூடிய கட்டத்திலேயே நோய் பிடிபடும். அறியாதிருப்பின் அன்போடு கொடுக்கும் அதே கை பாதிப்பை நாள்தோறும் கூட்டிக்கொண்டிருக்கும். அவ்வறிவு உலகில் 1980 முதல் உண்டு. அது அந்த வீட்டின் வாசலைச் சென்றடையவேண்டும்.